சேவியர் சார் வாயால் சொல்லாதது

சேவியர் சார் போய்விட்டார் என்ற செய்தி கல்லூரி வாட்ஸ்அப் குழுவில்தான் வந்தது. கீழே வரிசையாக இரங்கல்கள். மூன்று பேர் ஒரே வாக்கியத்தை எழுத்து மாறாமல் அனுப்பியிருந்தார்கள். சார் இருந்தால், "எந்த மிஷின் எழுதிக் கொடுத்துச்சு?" என்று கேட்டிருப்பார். நான் எதுவும் எழுதவில்லை. நாங்கள் பேசி ஒரு வருஷம் ஆகியிருந்தது. அவரைத் தெரிந்த உங்களிடம் மறைப்பானேன், எனக்கு முதலில் வந்தது கோபம்தான்.

எம்.பி.ஏ. வகுப்புக்கு அவர் உற்பத்தி மேலாண்மை, நான் சந்தையியல். பதினெட்டு வருஷம் பக்கத்துப் பக்கத்து மேசை. செயற்கை நுண்ணறிவு வந்த புதிதில் ஒரு மாணவன் லிங்கராஜபுரத்து பேக்கரி ஒன்றைப் பற்றி முப்பது பக்க அறிக்கை கொடுத்தான். ஒரு பிழை கிடையாது. சார் அதை மூடி வைத்தார்.

"எழுதினதை விடுப்பா, வாயால சொல்லு. அந்தக் கடையில அடுப்பு எந்தப் பக்கம் இருக்கு?"

அவன் அறிக்கையை எடுத்துப் புரட்டப் போனான்.

"போய்ப் பார்த்துட்டு வா. வரும்போது எங்களுக்கு ரெண்டு பன்னு."

மறுவாரம் பன்னோடு வந்தவன், அடுப்பு, வீணாகும் மாவு, முதலாளியோடு மல்லுக்கு நிற்கும் மைத்துனர் என்று ஒரு மணி நேரம் பேசினான்.

அந்தப் பன்னைத் தின்றுகொண்டேதான் திட்டம் போட்டோம். செயற்கை நுண்ணறிவைத் தடுக்க வேண்டாம், தாராளமாகப் பயன்படுத்தட்டும். ஆனால் ஒவ்வொருவரும் ஒரு செமஸ்டர் முழுக்க ஒரு கடையோடு இருக்க வேண்டும். மதிப்பெண் வாய்மொழித் தேர்வுக்குத்தான். வரைவை எழுதி முடிக்க ரொம்ப நாள் பிடித்தது. "காலேஜ் கவுன்சில் கூட்டத்துல நான் பேசறேன் மேடம், நீங்க டென்ஷன் ஆகாதீங்க" என்றார்.

கூட்டத்தில் அவர் வாயே திறக்கவில்லை. மாணவர்கள் வழக்கம்போல் அறிக்கை எழுதட்டும், அதை இயந்திரமே திருத்தட்டும் என்பது எதிர்த் திட்டம். அதற்குக் கை தூக்கச் சொன்னபோது சேவியர் சாரின் கையும் மேலே போனது. ஒரே ஓட்டில் தோற்றோம். அடுத்த செமஸ்டரில் என் பாடத்தையும் என்னிடமிருந்து எடுத்துவிட்டார்கள்.

"இப்படிக் கழுத்தறுத்துட்டீங்களே சார்!" என்றேன்.

"ஆய்த்து மேடம், முடிஞ்சுபோச்சு, விடுங்க" என்று ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். நான் மேசையை மாற்றிக்கொண்டேன்.

அடக்கம் முடிந்த பிறகு அவர் மனைவி லில்லி என் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்களுக்குத் தெரியாதா மேடம்? ரெண்டு வருஷமா அவருக்குக் காது சரியில்ல. பசங்க பேசறது பாதி புரியாது. வாய்மொழித் தேர்வு வந்தா எல்லாருக்கும் தெரிஞ்சுடும், வேலையை விட்டு அனுப்பிடுவாங்கன்னு பயந்தார். காதுக்கு மிஷினும் வேணாம்னுட்டார்."

கோபம் போய்விட்டது என்று நினைக்கிறீர்களா? இரட்டிப்பானது. கேண்டீனில் எப்போதும் என் இடப்பக்கமே உட்காருவார்; கொஞ்சமாவது கேட்கும் காது என் பக்கம் இருக்கத்தான் போலிருக்கிறது. எதைச் சொன்னாலும், "எழுதிக் கொடுங்க, படிச்சுட்டுச் சொல்றேன்" என்பார். கவனிக்காதது என் தப்புதான். ஆனால் சொல்லியிருக்கலாமே! தேர்வறையில் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பதிலையும் அவருக்கு உரக்கத் திருப்பிச் சொல்லியிருப்பேனே! இத்தனை வருஷத்தில் என்னை அவ்வளவுதான் நம்பினாரா?

லில்லி ஓர் உறையைக் கொடுத்தார். உள்ளே எனக்கு அவர் எழுதி, கொடுக்காமலே வைத்திருந்த கடிதம். நான்கு பக்கம், அவருடைய கையெழுத்து. "மன்னிச்சுடுங்க மேடம்" என்ற முதல் வரியோடு மூடி வைத்துவிட்டேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுவும், அவருடைய ஒரே ஒரு வாக்கியமும்தான். காலியான அந்த மேசையைத் தினமும் கடக்கும்போது அதை அவருக்கே திருப்பிச் சொல்கிறேன்.

எழுதினதை விடுங்க சார். வாயால சொல்லுங்க.