அழுகையை எடுத்துவிட்ட நாடகம்

நான் முதன்முதலில் பழகிய குரல் எந்த நடிகருடையதும் அல்ல, என் வகுப்புப் பிள்ளைகளுடையது. பள்ளிக்கூடம் சேர்ந்த அன்று ஆசிரியை ஏதோ கேட்க, நான் எழுந்து "ஆமா டீச்சர்" என்றேன். வகுப்பு முழுக்கச் சிரித்தது. என்ன பிழை என்று எனக்கு விளங்கவில்லை. பக்கத்தில் இருந்தவள்தான் காதுக்குள் சொன்னாள்: "'ஆமா' இல்லை, ஓம் எண்டு சொல்லு."

என் அப்பாவும் அம்மாவும் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து மன்னார்ப் பெருநிலத்தில் ஒரு குளத்தடி ஊரில் குடியேறியவர்கள். அம்மா மற்றவர்களின் வயலில் களை பிடுங்கப் போவா. அப்பா கிடைத்த கூலி வேலைக்குப் போவார். வீட்டில் நாங்கள் பேசியது அவர்கள் மலையிலிருந்து கொண்டுவந்த பேச்சு. "வாரேன், போறேன், என்னா புள்ள" என்றுதான் எங்கள் வீட்டில் பொழுது விடியும். படலையைத் தாண்டினால் "வாறன், போறன், என்ன பிள்ளை". கொஞ்ச நாளில் எனக்கு இரண்டும் பிசகாமல் வந்தது. மற்றப் பிள்ளைகள் கணக்குப் பழகிய வேகத்தில் நான் வாயைப் பழக்கினேன். மறுபடி யாரும் சிரித்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் அது. பிறகு அதையே தொழிலாக வைத்துச் சனத்தைச் சிரிக்கப்பண்ணுவேன் என்று அப்போது யார் கண்டது?

ஆசிரியர் தினம் ஒன்றில் அதிபரின் காலைக் கூட்டப் பேச்சைச் செய்துகாட்டினேன். அவருடைய தொண்டை கரகரத்தது. எல்லோரும் அந்தக் கரகரப்பைத்தான் செய்து பார்ப்பார்கள். நான் கவனித்தது வேறு. தனக்கே நம்பிக்கை இல்லாத ஒன்றைச் சொல்லுமுன் அவர் ஒரு மூச்சு இழுப்பார். "இந்த முறை எல்லாருக்கும்... புதுக் கதிரை மேசை வரும்." அந்த இடத்தில் நான் மூச்சை இழுத்ததும் ஆசிரியர்கள்தான் முதலில் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதிபரும் சிரித்தார். அன்று விளங்கியது இன்றைக்கும் எனக்கு உதவுகிறது. ஒருவரின் குரலைப் பிடிப்பது என்றால் அவர் எங்கே தயங்குகிறார் என்று பிடிப்பது.

படிப்பு முடிந்ததும் பாலம் கடந்து மன்னார்ப் பட்டணத்தில், எங்கள் பேச்சில் ரவுணில், போன் காட் விற்று போட்டோக்கொப்பி எடுத்துக் கொடுக்கும் கடையொன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். ஆட்கள் வருவார்கள், வெளிநாட்டுச் சொந்தங்களோடு சத்தமாகக் கதைப்பார்கள், போவார்கள். அவர்கள் போனதும் கூட வேலை செய்தவளுக்கு அவர்களைச் செய்துகாட்டுவேன். ஒருநாள், பிரான்சிலிருந்து வந்து நின்று எல்லாவற்றுக்கும் முகம் சுளித்த ஒரு மச்சாளைச் செய்துகொண்டிருந்தபோது, வாசலில் பெரிய உடம்புக்காரர் ஒருவர் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி, அந்த மச்சாளை இன்னொருக்காச் செய்யுங்கோ."

அவர் பள்ளிமுனைக்காரர். கடல் தொழில். கோயில் பெருநாளுக்குப் பகிடி நாடகம் போடுகிற கூட்டத்தில் முக்கியமான ஆள். அந்த முறை பெண்குரலுக்கு ஆள் இல்லாமல் தேடித் திரிந்தாராம். பெருநாள் மேடையில் நான் அந்த மச்சாளாக ஏறினேன். தலையில் ஏற்றிய கறுப்புக்கண்ணாடியோடு, "இஞ்ச ஏன் இவ்வளவு வெயில்?" என்று கேட்டதற்கே சனம் சிரித்தது. வெளிநாட்டிலிருந்து வந்து முன்வரிசையில் இருந்தவர்கள் எல்லோரையும்விடக் கூடச் சிரித்தார்கள்.

அன்றிலிருந்து அவர் எனக்கு அண்ணை. நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து சின்னச் சின்ன நாடகங்கள் செய்தோம். கலியாண வீடுகள், பள்ளிக்கூட விழாக்கள், பிறகு போனில் எடுத்துப் போடும் காட்சிகள். பஸ் கொண்டக்டர், மீன் வாடியில் விலை பேசுகிற மனுசி, கழுதை குறுக்கே நின்றதால் நேர்முகப் பரீட்சைக்குப் பிந்திப்போன மாப்பிள்ளை. ரவுணில் என்னைக் கண்டால் "மச்சாள்!" என்று கூப்பிடுகிற அளவுக்கு முகம் பழகிவிட்டது.

ஒரு குரலை மட்டும் நான் மேடையில் செய்ததில்லை, எங்கள் வீட்டுப் பேச்சு. வேறு ஆட்கள் அதைச் செய்வதைப் பார்த்திருக்கிறேன். தலையில் துண்டு, வாயில் வெற்றிலை, ஒரு "என்னாங்க" போதும், சனம் சிரித்துவிடும். பிறகு அந்தப் பாத்திரத்துக்கு வேறு வேலையே இருக்காது. அண்ணையும் ஒருமுறை கேட்டார். "உங்களுக்கு அது நல்லா வருமே?" நல்லாக வரும் என்பதால்தான் செய்யவில்லை என்றேன். அவர் பிறகு கேட்கவில்லை.

போன வருடம் நானாகவே அதை எழுதினேன். அம்மா காணிப் பத்திரத்துக்காகக் கந்தோருக்கு, அரசாங்க அலுவலகத்துக்கு, அலைந்த கதை. சின்ன வயதில் என்னையும் கூட்டிக்கொண்டு போவா. நாடகத்தில் அண்ணைதான் கிளாக்கர். நான் அம்மா.

"சொந்த இடம் எது?" என்று அவர் கேட்பார். நான் எங்கள் ஊர்ப் பெயரைச் சொல்வேன்.

"அது இப்ப இருக்கிற இடம். சொந்த இடம்?"

"அதாங்கய்யா."

"அதுக்கு முன்னம் எங்க இருந்தனீங்கள்?"

"மலையில."

"அதுக்கும் முன்னம்?"

"அதுக்கு முன்னால எங்கம்மா வயித்துல இருந்தேன்யா. அந்த எடத்துக்குப் பத்திரம் எந்தக் கந்தோருல குடுப்பாங்க?"

இந்த இடத்தில் சிரிப்பு அடங்க நேரம் எடுக்கும். அது அடங்கியதும், "நாளைக்கு வாங்கோ" என்று அவர் எழும்புவார். நான் தரையில் குந்தி முந்தானையால் முகத்தை மூடி அழுவேன். மெல்லத் தொடங்கிப் பெரிதாகும். மன்னார் ரவுணில் முதல் முறை செய்தபோது சனம் எழும்பி நின்று கைதட்டியது. இறங்கி வந்தபோது அண்ணையின் கண் கலங்கியிருந்தது.

காணொளி எங்கும் பரவியது. அம்மாவிடம் நான் காட்டவில்லை. காட்டத் துணியவில்லை என்பதுதான் சரி. பக்கத்து வீட்டுப் பிள்ளையின் போனில் பார்த்திருக்கிறா. வயலுக்குப் போகும்போது பெண்கள் "எந்தக் கந்தோருல குடுப்பாங்க?" என்று கேட்டுச் சிரிக்கிறார்களாம், அம்மாவும் சிரிக்கிறாவாம் என்று அப்பா சொன்னார். நான் மூச்சு விட்டேன்.

பிறகு ஒருநாள் அம்மா அதே காணி அலுவலாகக் கந்தோருக்குப் போய்விட்டு மத்தியானம் திரும்பினா. நான் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். செருப்பைக் கழற்றி எறிந்த சத்தமே சரியில்லை.

"கதிரை போட்டாங்க," என்றா.

"யாரு?"

"அங்கதான். என்னயப் பாத்ததும் ஒரு புள்ள ஓடிவந்து, 'அம்மா, நீங்கதானே அந்த வீடியோவில வாறவ'ன்னிச்சு. நா இல்ல, எம் பொண்ணுன்னேன். 'உங்களப் பாத்து நாங்க எல்லாரும் அழுதனாங்கள்'னு கதிரை போட்டுத் தேத்தண்ணி குடுத்தாங்க."

"நல்லதுதானே?"

"என்னா நல்லது? எத்தன வருசம் அந்த வாசல்ல நின்னேன். நா நின்னப்ப யாரும் பாக்கல. நீ அழுது காட்டினதுக்கு எனக்குக் கதிரை. நா ஒக்காரல. தேத்தண்ணியும் குடிக்கல. நின்னுக்கிட்டே பேசிட்டு வந்துட்டேன்."

நான் துருவுவதை நிறுத்தினேன். அம்மா தண்ணீர் மொண்டு குடித்தா. குடித்துவிட்டுத்தான் அடுத்ததைச் சொன்னா.

"மத்ததெல்லாம் சரி. வயித்துல இருந்த கத நல்லாருக்கு. அழுவுறத எடுத்துரு."

"ஏன்மா? சனம் எந்திரிச்சுக் கைதட்டுற எடமே அதுதான்."

"நா அந்த வாசல்ல எப்ப அழுதேன்? நீயுந்தானே கூட நின்ன. சொல்லு."

யோசித்துப் பார்த்தேன். அழவில்லைதான்.

"வீட்டுக்கு வந்து ஒன்னய அடிச்சேன். அது வேற," என்றா அம்மா.

அப்படி அடி வாங்கியது எனக்கு நன்றாக நினைவிருந்தது. கந்தோர் போய்வந்த நாட்களில்தான் அது என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. அம்மா அதை மன்னிப்புக் கேட்கிற குரலில் சொல்லவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னா, அவ்வளவுதான்.

"அப்ப 'நாளைக்கு வாங்கோ'ன்னதும் நீ என்னா பண்ணுவ?"

"'சாப்டீங்களாய்யா'ன்னு கேப்பேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. "என்னா, நக்கலா?"

"நக்கல் என்னா? சாப்பிட எந்திரிச்சுட்டாருன்னா அன்னிக்கு வேல போச்சு. சாப்டாச்சுன்னா இன்னுங் கொஞ்சம் நிக்கலாம். அதத் தெரிஞ்சுக்கத்தான். அவரு பதில் சொல்ல மாட்டாரு. நா நிப்பேன். கொஞ்ச நேரங் கழிச்சு மறுபடியும் கேப்பேன்."

அண்ணையிடம் சொன்னபோது அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "தங்கச்சி, நல்லா ஓடுற வள்ளத்தை ஏன் கரையில இழுக்கிறீங்கள்? அழுறது எவ்வளவு நல்லா வருது உங்களுக்கு." உண்மையைச் சொன்னால், அந்த அழுகை நன்றாகத்தான் வந்தது. இப்போதும் எனக்கு அதில் ஒரு பெருமை உண்டு. ஆனால் மூச்சு எங்கே நிற்கிறது என்று கவனிப்பதுதான் என் வேலை என்று இத்தனை காலம் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான். என் அம்மாவின் மூச்சைக் கவனிக்காமல், நாடகங்களில் வருகிற ஏதோ ஒரு அம்மாவைச் செய்திருந்தேன்.

கொழும்புத் தொலைக்காட்சியின் பகிடிப் போட்டி ஒன்றிலிருந்து அழைப்பு வந்ததும் அந்த நாட்களில்தான். "அந்த அழுற அம்மாவைச் செய்யுங்கோ" என்றார்கள். அது இப்போது இல்லை, மச்சாளைச் செய்கிறேன் என்றேன். போய்ச் செய்தேன். சிரித்தார்கள், படம் எடுத்தார்கள், அடுத்த சுற்றுக்குக் கூப்பிடவில்லை. திரும்பும் பஸ்ஸில் கொஞ்சம் கவலையாகத்தான் இருந்தது. ஊர் வந்து சேர்ந்தபோதும் அது முழுதாகப் போகவில்லை.

புது முடிவை முதலில் செய்தது கொண்டச்சியில், ஒரு பள்ளிக்கூட மைதானத்தில், பின்னேரம். அம்மாவும் வந்திருந்தா. மேடையில் என்னை நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. "நாளைக்கு வாங்கோ" என்று அண்ணை சொன்னார். நான் அசையாமல் நின்றேன். "சாப்டீங்களாய்யா?" சத்தமே இல்லை. யாரோ இருமினார்கள். தோற்றுவிட்டோம் என்று அண்ணையின் கண் என்னிடம் சொன்னது. கொஞ்சம் பொறுத்து மறுபடி கேட்டேன். "சாப்டீங்களாய்யா?" பெண்கள் இருந்த பக்கத்தில் ஒருத்தி சிரித்தாள். பிறகு அந்தப் பக்கம் முழுக்க. ஆண்கள் பக்கம் போய்ச் சேர இன்னும் நேரம் எடுத்தது. மூன்றாம் முறை நான் வாயைத் திறக்குமுன்னே சனமே கேட்டது. யாரும் எழும்பிக் கைதட்டவில்லை. ஆனால் மேடையை விட்டு இறங்கிய என்னிடம் பெண்கள் வந்து, தங்கள் தங்கள் கந்தோர்க் கதைகளைச் சொல்லத் தொடங்கினார்கள். அழுத முடிவுக்கு அப்படி ஒருத்தியும் வந்ததில்லை.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் அம்மா என் பக்கம் திரும்பினா. பிறகு சொன்னா: "ஒங் கூட நடிக்கிறாரே, அந்த மனுசன் ரொம்ப நல்லவரு போல. அதான் கந்தோரு ஐயா வேசம் சரியா வரல. நெசமான ஐயா மூஞ்சியப் பாக்கவே மாட்டாரு. இவரு பாவமாப் பாக்குறாரு."

அதை அண்ணையிடம் அப்படியே அம்மாவின் குரலில் சொன்னேன். பெரிய உடம்பு குலுங்கச் சிரித்தார். பிறகு யோசித்தார்.

"அம்மா சொல்லுறது சரிதான். நான் ஆரைக் காக்க வைச்சனான்? கடலுக்குப் போறவனிட்ட ஆர் கையெழுத்துக்கு வாறது?"

அடுத்த திங்கட்கிழமை அவர் கடலுக்குப் போகவில்லை. சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு ஒரு கந்தோருக்குப் போய், ஒரு அலுவலும் இல்லாமல், மத்தியானம் வரை வாங்குப் பலகையில் குந்தியிருந்து பார்த்திருக்கிறார். என்ன விஷயமாக வந்தீர்கள் என்று கடைசியில் யாரோ கேட்க, "சும்மா" என்றாராம். உடனே உள்ளே இருந்த எல்லோரும் தலையை நிமிர்த்திவிட்டார்களாம்.

"கெடுத்துப்போட்டன், தங்கச்சி," என்று நான் வேலை செய்கிற கடை வாசலில் நின்று சொன்னார். "அதுவரைக்கும் நல்லாப் போய்க்கொண்டிருந்தது. ஒருத்தர் பேனை மூடியைக் கழட்டுறார், பூட்டுறார், கழட்டுறார். எழுதுறேல்ல. நில்லுங்கோ, செய்து காட்டுறன்."

கல்லாவில் கிடந்த பேனையை எடுத்துக்கொண்டு என் முன்னால் கதிரையில் இருந்தார். நான் அம்மாவாக எழுந்து நின்றேன்.