இடது காதும் ஒரு சிம்பொனியும்

முதலில் வந்தது இரைச்சல்தான். திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டின் வாசலில் லாரி எண்களைச் சரிபார்த்து உள்ளே அனுப்புவது என் வேலை. ஒரு நாள் காலை, நின்றிருந்த லாரிகள் எல்லாம் எஞ்சினை அணைத்த பிறகும் என் இடது காதில் ஒன்று மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் புகுந்ததுபோல் காது அடைத்தது. பிறகு தரை சாய்ந்தது. வாசல் கேட்டின் கம்பியைப் பிடித்து உட்கார்ந்தவள், மதியம் வரை எழவில்லை.

மெனியர் நோய் (உள்காதில் திரவம் மிகுந்து தலைசுற்றல், இரைச்சல், காது கேட்பதில் குறைவு உண்டாவது) என்றார் காது மருத்துவர்.

“உப்பைக் குறைங்க, மாத்திரை தர்றேன். சுத்தல் கட்டுப்படும். காது எவ்வளவு தாங்கும்னு இப்பவே சொல்ல முடியாதும்மா.”

இதே நோயோடு இதைப் படிப்பவர்களுக்குத் தெரிந்திருக்கும்: தலைசுற்றல் நம்மை வீட்டுக்குள் அடைப்பதில்லை. அது எப்போது வரும் என்று தெரியாததுதான் அடைக்கிறது. ராயபுரத்தில் எங்கள் வீடு இரண்டாம் மாடி. படிக்கட்டின் பாதியில் வந்துவிட்டால் என்ற பயத்தில் கீழே இறங்குவதை நிறுத்தினேன். ஞாயிறு பூசைக்கும் போகவில்லை. ஜன்னலுக்கு வெளியே துறைமுகத்துக்குப் போகும் லாரிகள் ஊர்ந்தன. அவற்றைப் பார்த்தாலே குமட்டியது.

மாதா கோயில் பாடகர் குழுவில் சிறு வயதிலிருந்து கீழ்க்குரல் பாடுகிறவள் நான். அங்கே எங்களுக்குப் பாடல் பழக்கியவர் மூலம்தான் ஐரோப்பிய சிம்பொனிகள் எனக்கு அறிமுகமாயின. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் எழுதப்பட்ட, ஒரு மணி நேரத்துக்கும் மேல் நீளும் சிம்பொனிகள். வேலைக்குப் போகும் ரயிலில் ஹெட்போனில் அவற்றைக் கேட்டே பல ஆண்டுகள் கழிந்தன. நேரில் ஒன்றைக்கூடக் கேட்டதில்லை.

அடைந்து கிடந்த நாட்களில் அதையும் இழந்தேன். டிப்ளகூசிஸ் (ஒரே சுரம் இரு காதுகளிலும் வெவ்வேறு சுருதியில் கேட்பது) வந்தது. ஹெட்போனின் இடப்பக்க வயலின்கள் எல்லாம் சுருதி இறங்கி அழுதன. வலப்பக்கம் சரியாக இருந்தது. இரண்டையும் சேர்த்துக் கேட்டால் பல் கூசியது. கழற்றி அலமாரியில் போட்டுவிட்டேன்.

அந்த நேரத்தில்தான் வெளிநாட்டுப் பெரிய இசைக்குழு ஒன்று நகரத்துக்கு வந்தது. என் கணவர் அந்தோணி ரயில்வேயில் ஃபிட்டர். அந்த இசையில் அவருக்கு நாட்டம் கிடையாது. ஆனாலும் என்னைக் கேட்காமலே டிக்கெட் வாங்கி வந்துவிட்டார்.

“அங்க வந்து சுத்திச்சின்னா?” என்றேன்.

“இங்க மட்டும் சுத்தாமயா கீது? வூட்ல சுத்தறது அங்க சுத்தட்டும். வாந்திக்கு கவர் எட்துகினு போலாம்.”

எங்களுக்குக் கிடைத்தது வரிசையின் நடு இருக்கை. சிம்பொனி தொடங்கியபோது நான் கண்டது இதுதான்: வயலின் வில்கள் எல்லாம் ஒன்றாக நடுங்கின, சத்தமே இல்லை. என் இரைச்சல் அந்த மெல்லிய ஒலியை மூடிவிட்டது. ஹெட்போன் என்றால் ஒலியைக் கூட்டியிருப்பேன். இங்கே கூட்டுவதற்கு எதுவும் இல்லை.

பிறகு பித்தளைக் கொம்பு வாத்தியங்கள் ஒலித்தன. அவற்றின் பின்னால் வயலின்களும் வந்தன. சுருதி சேர்ந்திருந்தது. ஹெட்போன் அவற்றை என் கெட்ட காதுக்குள் தள்ளிப் பூட்டியிருந்தது. அரங்கிலோ அவை காற்றைக் கடந்து நல்ல காதுக்கும் வந்தன. பெரிய பாஸ் வயலின்களின் அதிர்வு நாற்காலி வழியாக முதுகில் ஏறியது. எந்தப் பதிவிலும் முதுகால் கேட்டதில்லை.

மூன்றாம் பகுதி, மிக மெதுவானது. அதில் காது அடைக்கத் தொடங்கியது. சுற்றப்போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு பக்கமும் உட்கார்ந்திருப்பவர்களின் முழங்கால்கள், அரங்கின் கதவுகளும் சாத்தியிருந்தன.

“எய்ந்து போய்டலாமா?” என்று காதோரம் கேட்டார் அந்தோணி.

தலையை ஆட்ட முடியாமல், வேண்டாம் என்று அவர் மணிக்கட்டை அழுத்தினேன். தலைசுற்றலுக்கான பயிற்சியில் மருத்துவமனையில் சொல்லித் தந்தபடி ஒரே புள்ளியில் கண்ணை நிறுத்தினேன். அது பாஸ் வயலின்காரர் ஒருவரின் வழுக்கைத் தலை. மேடை இடப்பக்கமாக வழுக்கிக்கொண்டே போனது. பதிவு என்றால் நிறுத்திவிட்டுப் படுத்திருப்பேன். இவர்கள் எனக்காக நிற்கமாட்டார்கள். அந்த மெதுவான இசை முடிவதாகவே இல்லை. அதற்குள் மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு சுரமாகக் கடந்தேன்.

கடைசிப் பகுதியில் டிரம்பெட்டுகள் முழங்கியபோது கவரில் வாந்தி எடுத்தேன். யாருக்கும் கேட்கவில்லை.

எல்லாரும் எழுந்து கை தட்டினார்கள். நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன்.

“எப்டி கீது?” என்றார் அந்தோணி.

“சுத்துது.”

“அது தெரியுது. பாட்டு?”

“முழுசா இருந்துச்சு,” என்றேன். வேறெப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

உங்களுக்கும் இப்படி ஒரு ஆசை இருந்தால் போய்விடுங்கள். ஆனால் ஓர இருக்கை வாங்குங்கள்.

மாத்திரைகள் போதாமல்போனபோது மருத்துவர் செவிப்பறை வழியே ஊசி போடலாம் என்றார்.

“அந்தப் பக்கத்து பேலன்ஸையே அமத்திடும். சுத்தல் போகும். மிச்சம் கேக்குறதும் போயிடலாம். யோசிச்சு சொல்லுங்க.”

யோசித்தேன். இனி ஒரு முறை அரங்கில் உட்கார்ந்தாலும் அந்த அளவுக்குக்கூடக் கேட்காது என்று தெரிந்தே ஒப்புக்கொண்டேன். மருத்துவர் சொன்னபடியே ஆயிற்று. சுற்றல் நின்றது, இடது காது முழுவதும் போனது, இரைச்சல் மட்டும் அங்கேயே தங்கிவிட்டது.

இப்போது படி இறங்குகிறேன், வேலைக்குப் போகிறேன். யார்டில் என்னை அலுவலக அறைக்குள் மாற்றிவிட்டார்கள். லாரி எந்தப் பக்கம் வருகிறது என்று ஒற்றைக் காதுக்குத் தெரியாது. தெருவில் யாராவது என்னைக் கூப்பிட்டால் குரல் உடனே வந்துவிடுகிறது. அது எந்தத் திசை என்று உடம்பைத் திருப்பித் தேட ஒரு கணம் ஆகிறது. அந்த ஒரு கணம் ராயபுரத்தில் நிற்கிறேனா வேறெங்காவதா என்று எனக்கே தெரிவதில்லை. பிறகு ஒரு முகம் தென்படுகிறது, கால் தரையில் ஊன்றுகிறது.