இரண்டு மேசைக்கு ஒரு வானம்

பிலோமினா ருஜியேரோ ஒரு சூப்பர்ஹீரோ கதையையும் முழுதாகப் படித்ததில்லை. ஆனால் அந்தக் கதைகளில் பறந்த சிவப்பு அங்கிகளில் எத்தனையோ அவர் கை வழியாகப் போனவை.

கனெக்டிகட்டில், ஆற்றங்கரையில் இருந்த பழைய பித்தளை ஆலையின் இரண்டாம் மாடியில் எங்கள் வண்ணக்கூடம் இருந்தது. நியூயார்க்கிலிருந்து காமிக்ஸ் பக்கங்கள் வெறும் கறுப்புக் கோடுகளாக வரும். நாங்கள் நிறம் பிரித்துக் கொடுப்போம். ஒவ்வொரு நிறத்துக்கும், அந்த நிறத்தின் ஒவ்வொரு அடர்த்திக்கும் தனித்தனிக் கண்ணாடித்தாள். அந்த நிறம் எங்கே வர வேண்டுமோ அந்த இடத்தைத் தூரிகையால் அடைக்க வேண்டும். எல்லாத் தாளிலும் பூசுவது ஒரே கருஞ்சிவப்பு மைதான். கேமரா அறைக்குப் போய் வந்த பிறகே மஞ்சள் மஞ்சளாகும், நீலம் நீலமாகும். நாள் முழுவதும் நிறம் பூசிய நாங்கள் எங்கள் மேசையில் நிறத்தைக் கண்ணால் பார்த்ததில்லை.

ஒன்றுக்கொன்று ஆகாத இரண்டு கம்பெனிகளின் வேலையும் எங்களிடம்தான் வந்தது. ஒருவர் ரகசியம் மற்றவருக்குத் தெரியக் கூடாதென்று கூடத்தின் நடுவே ஒட்டுப்பலகைத் தடுப்பு வைத்திருந்தார்கள். ஜன்னல் பக்க மேசைக்குப் பிலோமினா தலைவி. நாங்கள் நிறம் பூசும் வீரர் கூட்டம் ‘விடியல் படை’. லிஃப்ட் பக்க மேசைக்கு வாண்டா ஜீலின்ஸ்கி. அவர்களுடையது ‘எஃகு எண்மர்’. கதை படிக்காவிட்டாலும் எங்களுக்குக் கட்சி உண்டு. சாப்பாட்டு நேரத்தில் தடுப்புக்கு மேல் பேச்சு பறக்கும்.

“ஏய் வாண்டா, உன் ஆளு இன்னைக்காவது ஜட்டியை உள்ளே போட்டுக்கிட்டு வந்தானா?”

“உன் ஆளு போர்வையைக் கட்டிக்கிட்டுப் பறக்கறதுக்கு இது எவ்வளவோ தேவலாம்டி!”

இதைத் தவிர இருவரும் வேறெதுவும் பேசிக்கொண்டு நான் கேட்டதில்லை. மாதாகோயிலில்கூட ஒருவர் இடப்பக்க வரிசையில் உட்கார்ந்தால் மற்றவர் வலப்பக்கம் போவார்.

எண்பத்து மூன்றாம் வருட வசந்தத்தில், இரண்டு கம்பெனிகளும் கைகோத்து ஒரே புத்தகம் போட முடிவு செய்தன. விடியல் படையும் எஃகு எண்மரும் மோதுகிறார்கள். யாரும் தோற்கக் கூடாது, இரண்டு பக்கமும் விழுகிற அடி சமமாக இருக்க வேண்டும் என்று வக்கீல்கள் உட்கார்ந்து எழுதிய ஒப்பந்தம். முதலாளி ஹாஸ்கல் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“வேண்டாம் பிலோமினா. உங்க ரெண்டு மேசையையும் ஒரே பக்கத்துல விட்டா நான் ஆம்புலன்ஸைத்தான் கூப்பிடணும்.”

“வாங்குங்க மிஸ்டர் ஹாஸ்கல். இந்த வேலை வேற ஊருக்குப் போச்சுன்னா நாம வெளியில தலை காட்ட முடியாது. ஒரு குறை வரட்டும், நான் தலைவி நாற்காலியை விட்டு எழுந்துடறேன்.”

தடுப்புக்கு அந்தப் பக்கம் யாரோ சிரித்தார்கள். பிலோமினாவின் காது சிவந்தது. ஆனாலும் சொன்னது சொன்னதுதான்.

வேலை நடந்தது. எங்கள் வீரர்களை நாங்கள் பூசினோம், அவர்கள் வீரர்களை அவர்கள். எங்கள் தாள்களில் எஃகு எண்மர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருக்கும், அவர்களுடையதில் விடியல் படையின் இடம். கேமரா அறையில் இரண்டும் சேரும். எல்லோரும் காத்திருந்தது நடுவில் வரும் இரட்டைப் பக்கத்துக்கு. இரண்டு படையும் மொத்தமாக மோதும் காட்சி. எங்கள் வீரன் கலங்கரையின் அங்கி அவர்கள் வீரன் பட்டறையானின் சங்கிலியில் சிக்கிக் கிடக்க, ஒருவர் முழங்கைக்குள் இன்னொருவர் தலை. கலங்கரையின் தலைமுடியைப் பிலோமினா மூன்றே ரோமத் தூரிகையில் பூசினார். அந்த வாரம் அவர் யாரிடமும் பேசவில்லை.

வெள்ளிக்கிழமை காலை மாதிரி அச்சு வந்தது. எல்லோரும் எழுந்து நின்று பார்த்தோம். சிவப்பு சிவப்பாகவும் நீலம் நீலமாகவும் பளபளத்தன. வீரர்களுக்குப் பின்னால் மட்டும் ஒன்றுமே இல்லை. வெள்ளைத்தாளில் இரண்டு படைகள் அந்தரத்தில் அடித்துக்கொண்டிருந்தன.

வானத்தை யாரும் பூசவில்லை.

எங்கள் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. புத்தகம் எந்த மேசையுடையதோ, பின்னணி அந்த மேசையின் பொறுப்பு. அதைப் புதிதாகச் சேர்ந்தவர்களிடம் தள்ளிவிடுவார்கள். “நமக்கு வீரர்கள் போதும், வானம் அவங்க பாடு” என்று பிலோமினா எங்களிடம் சொல்லியிருந்தார். வாண்டாவும் தன் மேசையில் அதையேதான் சொல்லியிருக்கிறார். இரண்டு பக்கத் தாள்களிலும் வெறும் இடம் இருந்தது, இரண்டு மேசையும் அதை அடுத்தவர் இடம் என்று நினைத்தது.

அச்சகத்துக்குப் போகும் லாரி மூன்று மணிக்கு. அதற்கு முன்பே இரண்டு கம்பெனிக்காரர்களும் அச்சைப் பார்க்க ரயிலில் வருகிறார்கள்.

பிலோமினா நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். கைப்பையை எடுக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். எடுக்கவில்லை. தூரிகையைத் துடைத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தடுப்பைச் சுற்றி லிஃப்ட் பக்கம் போனார். எனக்குத் தெரிந்து அவர் அந்தப் பக்கம் கால் வைத்தது அன்றுதான். நானும் மை டப்பாவோடு பின்னால் போனேன்.

வாண்டா அச்சைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“உன் கலங்கரை நல்லா வந்திருக்கான்,” என்றார், நிமிராமல்.

“உன் சங்கிலியும்தான். வாண்டா, என்னால தனியா முடியாது. உன் ஆளுங்க ஓரம் எனக்குத் தெரியாது. மை தப்பா ஏறிட்டா சங்கிலி போயிடும்.”

“நாற்காலியை விட்டு எழுந்துடுவேன்னு சொன்னியே, ஞாபகம் இருக்கா?”

“இருக்கு.”

“நீ எழுந்து போயிட்டா நான் யாரைடி திட்டறது?” வாண்டா பக்கத்து முக்காலியைக் காலால் இழுத்துப் போட்டார். “உக்காரு. என்ன வானம்?”

“எங்க புத்தகத்துல எப்பவும் நல்ல நீலம்.”

“எங்க புத்தகத்துல எப்பவும் சாயங்காலம்.”

ஒரு நிமிடம் இருவரும் ஒருவரையொருவர் முறைத்தார்கள். பிறகு பிலோமினா சொன்னார்: “மேலே நீலம். கீழே சாயங்காலம். சண்டை ஆரம்பிச்சு ரொம்ப நேரமாச்சுன்னு வச்சுக்கோ.”

அந்த வானத்துக்கு மூன்று தாள்கள். சுலபமான விளிம்புகளை நாங்கள் பூசினோம். நடுவில், அங்கியும் சங்கிலியும் பின்னிக் கிடந்த இடத்தை வேறு யாரும் தொட முடியாது. அங்கே இரண்டு தலைகளும் ஒட்டிக்கொண்டன. ஒருவர் இடமிருந்து, மற்றவர் வலமிருந்து. நரைமுடியும் நரைமுடியும் உரச, வாய் மட்டும் ஓயவில்லை.

“முழங்கையை எடுடி, என் ஆளு மூச்சு முட்டறான்.”

“உன் ஆளுக்கு மூச்சே கிடையாது, அவன் இரும்பு.”

“எஃகு.”

“சரி, எஃகு. துரு ஏறாம பாத்துக்கோ.”

தடுப்புக்கு இரண்டு பக்கமும் சிரித்தார்கள். யாரும் சாப்பிடப் போகவில்லை. வாண்டா வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த பியரோகிக் கொழுக்கட்டைகளும் பிலோமினாவின் மிளகாய்–முட்டை சாண்ட்விச்சும் ஒரே தட்டில் வந்து உட்கார்ந்தன. யார் எதை எடுத்தார்கள் என்று நான் பார்க்கவில்லை.

இரண்டாவது அச்சு ஈரமாக இருக்கும்போதே கம்பெனிக்காரர்கள் வந்துவிட்டார்கள். கோட்டுப் போட்ட நான்கு பேர். இரண்டு பேர் கலங்கரையை மட்டும் பார்த்தார்கள், இரண்டு பேர் பட்டறையானை மட்டும். “அருமை,” என்றார் ஒருவர். “போகலாம்,” என்றார் இன்னொருவர். வானத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. லாரி நேரத்துக்குக் கிளம்பியது. ஹாஸ்கல் நாற்காலியைப் பற்றிக் கேட்கவே இல்லை. பிலோமினா ஓய்வுபெறும்வரை அதில்தான் உட்கார்ந்தார். நடுத்தடுப்பு இருந்தது, ஆனால் அதில் ஒரு பலகையை யாரோ கழற்றிவிட்டார்கள்.

புத்தகம் கடைக்கு வந்த வாரம் நானும் பிலோமினாவும் காமிக்ஸும் விற்கும் மெயின் தெரு மருந்துக் கடைக்குப் போனோம். கல்லாவில் கடைக்காரர் சால். எதிரே கான்ஸ்டபிள் டாயில், தொப்பியை அக்குளில் இடுக்கிக்கொண்டு புத்தகத்தை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

“கலங்கரைதான்யா ஜெயிச்சான். இந்தா பாரு!”

“எங்கே? அந்தக் குத்து இன்னும் விழவே இல்லை. நீ போலீஸ்காரன், சாட்சியை நீயே ஜோடிக்கிற.”

பிலோமினா இருமல் மருந்தை வாங்கிப் பையில் போட்டார். போகாமல் நின்றார்.

“டாயில், நடுப்பக்கத்துல வானம் எப்படியிருக்கு?”

“வானமா?” டாயில் பக்கத்தைத் திருப்பி, கையை நீட்டித் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். “வானம் வானம் மாதிரிதான் இருக்கு. ஏன், என்ன அதுல?”

“ஒண்ணுமில்லை,” என்றார் பிலோமினா.

வெளியே வந்ததும் அவர் நடை மாறியிருந்தது. முதுகு நிமிர்ந்து, பை ஆடியது. வீட்டுப் பக்கம் திரும்பாமல் மேட்டுத் தெருவில் ஏறினார். வாண்டா வேலிக்கு உள்ளே தக்காளிச் செடிக்குக் குச்சி கட்டிக்கொண்டிருந்தார்.

“ஏய் வாண்டா!” என்று தெருவிலிருந்தே கத்தினார் பிலோமினா. “வானம் வானம் மாதிரி இருக்காம். டாயில் சொல்றான்!”

வாண்டா இடுப்பில் கையை வைத்து நிமிர்ந்தார்.

“என் பாதியைப் பாத்திருப்பான்,” என்றார்.