மாடியில் காய்ந்த கரும்பூஞ்சை

இருபத்தாறு வருஷம் போடியில் ஏலக்காய் பொறுக்கியவள் சுப்புத்தாய். பச்சையை வை, கறுத்ததைத் தள்ளு. வாய் ஊர்க்கதை பேசினாலும் கை தன்பாட்டுக்குப் பொறுக்கும். காய்த்தூசி நெஞ்சில் இறங்கி இருமல் பிடித்ததும், இனி அந்தப் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். அப்புறம் ஊருக்கு வெளியே ஓர் ஆய்வுக்கூடத்தில் கண்ணாடித் தட்டு கழுவும் சோலி கிடைத்தது. இதுவும் போனால் வேறு போக்கிடம் இல்லை.

அங்கே முத்துப்பிரியா என்ற ஆராய்ச்சி மாணவி, குரங்கணி மலைப் பாறையில் சுரண்டி வந்த கரும்பூஞ்சையைத் தட்டுகளில் வளர்த்தாள். சில தட்டுகளில் அதே பூஞ்சை நிறமிழந்து வெள்ளையாக வளர்ந்திருந்தது. "கெட்டுப்போன தட்டையெல்லாம் எடுத்துருங்கக்கா" என்று சொல்லிவிட்டு, ஒரு திங்கட்கிழமை பஸ்சைப் பிடிக்க ஓடினாள். எது கெட்டது என்று கேட்க வேண்டாமா? சுப்புத்தாய் கேட்கவில்லை. கறுத்தது கழிவு, இதில் கேட்க என்ன இருக்கிறது! கறுப்புத் தட்டு அத்தனையையும், விரிசல் விட்ட இரண்டு வெள்ளைத் தட்டையும் மூடி கழற்றி மொட்டைமாடியில் காயப்போட்டாள். காய்ந்தால் சுரண்டிக் கழுவுவது லேசு.

மறுநாள் முத்துப்பிரியா அழுத அழுகை! இரண்டு வருஷ உழைப்பைக் காணோம் என்று அலமாரி அலமாரியாகத் தேடினாள். தான் மாடியில் வைத்ததைத்தான் தேடுகிறாள் என்று சுப்புத்தாய்க்கு விளங்கிவிட்டது. கூடச் சேர்ந்து தானும் தேடினாள், பாவி. வெள்ளிக்கிழமைதான் வாய் திறந்தது.

"பாப்பா, கழுவுற தொட்டிக்கிட்ட கொஞ்சம் தட்டு கெடந்துச்சு. நேத்துதான் மாடியில காயவச்சேன்."

முத்துப்பிரியா மாடிக்கு ஓடி, சருகாக ஒட்டிக் கிடந்ததைச் சுரண்டிப் புதுத் தட்டுகளில் வைத்தாள். பத்து நாளில் கறுப்பெல்லாம் வளர்ந்தது. வெள்ளை எழுந்திருக்கவே இல்லை. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"இந்தக் கறுப்புக்குப் பேரு மெலனின், அக்கா. வெயிலைத் தான் வாங்கிக்கிட்டு உள்ள இருக்கற உசுரைக் காப்பாத்துது. வெள்ளைக்கு அது இல்ல, செத்துப்போச்சு."

சுப்புத்தாய் அந்தக் கறுப்பையே உற்றுப் பார்த்தாள். கறுத்தால் சொத்தை என்றுதானே இத்தனை வருஷம் பொறுக்கினோம்? தட்டை நாசம் பண்ணியவளைத் திட்டாமல் இவள் ஏன் சிரிக்கிறாள்? நாம் செய்தது நல்லதா கெட்டதா? ஒரு மண்ணும் விளங்கவில்லை.

முத்துப்பிரியா நோட்டில் எழுதினாள்: வெயிலில் ஒரு நாள். எழுதிவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"ஒரு நாளுங்கறது பத்தாதுக்கா. எங்க கைடு சார் ஒத்துக்க மாட்டாரு. இன்னும் ரெண்டு மூணு நாள் கெடந்திருந்தா..."

சொன்னால் சோலி போகும். சொல்லாவிட்டால் இந்தப் பிள்ளையின் நோட்டில் தன் பொய் ஏறிவிடும்.

"நாலு நாளு, பாப்பா. திங்கக்கெழமையே நாந்தான் எடுத்து வச்சேன். பயத்துல மாத்திச் சொல்லிட்டேன்."

முத்துப்பிரியா 'ஒரு' என்பதை அடித்து 'நான்கு' என்று எழுதினாள். பிறகுதான் நிமிர்ந்தாள். முகத்தில் சிரிப்பு இல்லை.

"அப்ப நான் அழுதுக்கிட்டே தேடுனப்ப, தெரிஞ்சுதான் எங்கூடச் சேந்து தேடுனீங்களா?"

"ஆமா" என்று சொல்வதற்குள் சுப்புத்தாய் உடைந்து அழுதுவிட்டாள்.

வராதே என்று முத்துப்பிரியா சொல்லவில்லை. தினமும் சொல்லும் "பாத்துப் போங்கக்கா"வையும் சொல்லவில்லை. நாளைக்கு வரலாமா கூடாதா என்று தெரியாமலே சுப்புத்தாய் வீட்டுக்குப் போகும் ராசிங்காபுரம் பஸ்சில் ஏறினாள்.