படகை யார் ஓட்டுவது

லங்காவித் தீவுகளைப் பாய்மரப் படகில் சுற்றிவர வேண்டும் என்பது அண்ணனின் ஆசை. மஸ்ஜித் தானா ஊரில் டயர் கடை வைத்திருக்கிறார். நியாலாஸ் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்த எங்கள் இருவருக்கும் கடலோடு பெரிய பழக்கமில்லை. போன வருடம் போர்ட் டிக்சனில் ஒரு வார இறுதி படகோட்டப் பழகி வந்தார். அதிலிருந்து எப்போது பார்த்தாலும் காற்று, பாய், நங்கூரம் என்றே பேச்சு.

பயணத்தை முடிவு செய்ய பாயா ரும்புட்டில் உள்ள என் வீட்டுக்கு அண்ணனும் அண்ணியும் வந்தார்கள். என் ஆறு வயது மகள் சோபாவில் தூங்கிக்கொண்டிருந்தாள். படகை வாடகைக்கு விடும் இடத்துக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார் அண்ணன். பேசியது கெடா மாநிலத்துத் தமிழ்ப் பெண்.

"ஸ்கிப்பர் வேணுமா சார், இல்ல நீங்களே ஓட்டுவீங்களா?"

"நானே ஓட்டுவேன். அனுபவம் நெறைய இருக்குலா."

"காத்து திரும்பினா நங்கூரம் பிடிவிட்டுப் படகு இழுத்துக்கிட்டுப் போவும். தனியா சமாளிச்சிருக்கீங்களா?"

"எத்தனையோ தடவ!"

என் மனைவி என்னைப் பார்த்தாள். அண்ணி தலையைக் குனிந்துகொண்டார். அண்ணன் தனியாகப் படகை ஓட்டியதே இல்லை. அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அப்பா இறந்த பிறகு என்னைப் படிக்க வைத்தவர் அவர்; நான் எதிர்த்துப் பேசியதில்லை.

"அண்ணே, வேணாம். அவங்ககிட்ட உண்மையச் சொல்லிடுங்க."

"சார், லைன்ல இருக்கீங்களா?" என்றது போன். அண்ணன் அதை அணைத்தார்.

"வெளியாளு முன்னாடி என்னைப் பொய்யனாக்குறியா?"

"பாப்பாவும் வர்றாண்ணே."

"நம்பிக்கை இல்லன்னா யாரும் வரவேணாம்!"

கார் சாவியை எடுத்துக்கொண்டு வெளியேறினார். அண்ணி அசையவில்லை. கார் கிளம்பும் சத்தம் கேட்ட பிறகுதான் பேசினார். "பழகுறப்பவே படகைக் கொண்டுபோய்ப் படகுத்துறையில இடிச்சாரு. அதுலேருந்து எனக்குத் தூக்கமே இல்ல தம்பி."

அந்த வாரம் முழுக்க அண்ணன் என் போனை எடுக்கவில்லை. சனிக்கிழமை கடைக்குப் போனேன். சக்கரத்தின் நட்டை முடுக்கிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. திரும்பிப் போய்விடலாமா என்று கூடத் தோன்றியது. காரை எடுக்க வந்தவர் கிளம்பும்வரை ஓரமாக நின்றேன்.

"ஸ்கிப்பர் வேணும்னு சொல்லிட்டேன்," என்றார், கையைத் துடைத்தபடி. "அந்தப் பொண்ணுகிட்ட உள்ளதையும் சொல்லியாச்சு."

அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

"லைஃப் ஜாக்கெட்டுக்குக் கேட்டாங்க. பாப்பா எத்தனை கிலோ இருப்பா?"

சொன்னேன். தலையாட்டிவிட்டு, வாசலில் நின்ற அடுத்த காரை உள்ளே வரச் சொல்லிக் கை காட்டினார்.