ஃபிலோமினா பேசிய நாலு பாஷை

போன வாரம் எங்கள் அபார்ட்மென்ட் லிஃப்ட்டில் ஒரு சம்பவம். இரண்டாவது மாடியில் இருக்கும் ஒரு பெண் ஏறினார். வழக்கம்போல் வணக்கம் சொன்னேன். அவர் இறங்கிப் போனதும் பக்கத்தில் நின்றவர் என் காதருகே குனிந்தார். "அது மெண்டல் கேஸ் சார். பேச்சுக் கொடுக்காதீங்க."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "யார் சொன்னது? நீங்க டாக்டரா?" என்று கேட்டுவிட்டேன். மனுஷர் இப்போது என்னைக் கண்டால் படிக்கட்டில் போகிறார். போகட்டும்.

இந்தக் கோபம் இன்று நேற்று வந்ததில்லை. அறுபதுகளின் தொடக்கத்தில், நெய்வேலியில் வந்தது.

அப்போது நான் மைன்ஸில் டைம் கீப்பர். புத்தம் புது டவுன்ஷிப். வெளியே பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரி குவார்ட்டர்ஸ் — உள்ளே வீட்டுக்கு ஒரு பாஷை. எங்கள் வரிசையில் திருநெல்வேலி, பாலக்காடு, குண்டூர்... அடுத்த வீட்டில் கோலார் தங்க வயலிலிருந்து வந்த தேவசகாயம். மெஷின் ஆபரேட்டர். அவர் மனைவி ஃபிலோமினா தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றையும் சரளமாகப் பேசுவார். வந்த ஆறே மாதத்தில், அந்த வரிசையில் அவரிடம் பேசாத பெண் இல்லை.

முதல் பிரசவத்துக்குப் பிறகு அந்த வாய் மூடிக்கொண்டது. குழந்தை அழுதாலும் திரும்பமாட்டார். சோறு இல்லை, தூக்கம் இல்லை. சுவரைப் பார்த்து முணுமுணுப்பார். பெற்றவர்களோ இல்லை. சொந்தம் என்று ஓடிவர யாரும் பக்கத்தில் கிடையாது.

நாங்கள் என்ன செய்தோம்? ஆளுக்கொரு தீர்ப்புச் சொன்னோம். ஒருவர் காத்து கருப்பு என்றார். ஒருவர் செய்வினை என்றார். ஒருவர், திமிர் என்றார். "அந்த வூட்டுப் பக்கம் போவாதீங்க சார், அந்தம்மா ஏதோ பேசிக்கினே கெடக்குது" என்று பால்காரர் எனக்குப் புத்தி சொன்னார். எல்லோருமாகச் சேர்ந்து தேவசகாயத்தை நச்சரித்து, ஒரு மந்திரவாதியின் கொட்டகையில் ஃபிலோமினாவைக் கொண்டுபோய் விட வைத்தோம். நாற்பது நாள். இரண்டு காலிலும் சங்கிலி.

கடைசியில் பார்க்கப் பொறுக்காமல் தேவசகாயமே அவிழ்த்து, மெட்ராஸுக்கு அழைத்துப்போய் டாக்டரிடம் காட்டினார். மருந்து கேட்டது. ஃபிலோமினா நல்லபடியாக வீடு திரும்பினார்.

அவரை எப்படி வரவேற்றோம் தெரியுமா? மனு எழுதி! 'புத்தி சுவாதீனமில்லாத பெண் எங்கள் பிளாக்கில் இருப்பது குழந்தைகளுக்கு ஆபத்து. அந்தக் குடும்பத்தை வேறு இடத்துக்கு மாற்ற வேண்டும்.' பதினோரு கையெழுத்து. அதில் ஒன்று என்னுடையது.

மனுவை வாங்கிய அதிகாரி நல்லவர், கிழித்துப் போட்டார். ஆனால் விஷயம் கசிந்துவிட்டது. ஷிஃப்ட் முடிந்து வந்த தேவசகாயம் என் வாசலில் நின்றார். "நீங்களுமா சார்?" அவ்வளவுதான் கேட்டார். இரண்டு அறை விட்டிருந்தால் தேவலை.

சில மாதம் கழித்து, குண்டூர் அப்பாராவின் மனைவி ரமணம்மாவுக்கும் அதே மாதிரி ஆனது. அப்பாராவ் அவரை அறைக்குள் வைத்துப் பூட்டினார். மூன்று நாள் கதறல். நாங்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டோம்.

மூன்றாம் நாள் காலை ஃபிலோமினா நேராக அந்த வீட்டுக்குப் போனார். "சாயந்திரம் மந்திரவாதி வர்றான், நீ போம்மா" என்றார் அப்பாராவ். தெலுங்கில் பதில் சொல்ல ஆரம்பித்த ஃபிலோமினா, வரிசையே வேடிக்கை பார்ப்பதைக் கண்டு தமிழுக்கு மாறினார். புடவையைக் கொஞ்சம் தூக்கிக் கணுக்காலைக் காட்டினார். இரண்டிலும் வட்டமாகத் தழும்பு.

"இது பேய் போட்டது இல்லீங்க. மனுஷங்க போட்டது. எனக்கு வந்தது சீக்கு. மருந்து குடுத்தாங்க, நல்லாயிட்டேன். கதவைத் திறங்க."

அப்பாராவ் திறந்தார்.

மறுநாள் மூவரும் பண்ருட்டிக்குப் போய் மெட்ராஸ் ரயில் ஏறினார்கள். கிளம்பும்போது ஃபிலோமினா தன் கைக்குழந்தையை என் மனைவியிடம் கொடுத்தார். ஆபத்தானவர் என்று யாரைப் பற்றி எழுதிக் கொடுத்தேனோ, அவர் தன் பிள்ளையை என் வீட்டை நம்பி விட்டுப் போகிறார்! அன்று நான் சாப்பிடவில்லை.

ரமணம்மா தேறி வந்தார். அதன்பின் ஞாயிற்றுக்கிழமைகளில், இது சீக்குதான், மருந்து உண்டு என்று சொல்லிக்கொண்டு ஃபிலோமினா பிளாக் பிளாக்காக நடந்தார். பாலக்காட்டுப் பெண்களிடம் அவர்கள் பாஷையிலேயே பேசுவதற்காக மலையாளமும் கற்றுக்கொண்டார். சில வீடுகளில் உட்காரச் சொன்னார்கள். பல வீடுகளில் கதவைச் சாத்தினார்கள்.

பிறகு, குடியிருப்போர் கூட்டத்தில் ஐந்து நிமிஷம் பேச அனுமதி கேட்டார். செயலாளர் நெளிந்தார். "இதெல்லாம் அவங்கவங்க வீட்டு விஷயம்மா. டவுன்ஷிப் பேரு கெட்டுடும்."

ஃபிலோமினா உட்காரவில்லை. "இங்க இருக்கிறவங்கள்ல மூணு வீட்டுலேருந்து என்னைத் தேடி வந்தாங்க. யாருன்னு சொல்லமாட்டேன். அவங்களுக்குச் சீக்கைவிட உங்களைப் பார்த்துத்தாங்க பயம் அதிகம்."



அடுத்த மாதத்திலிருந்து வாசகசாலையில் வாரம் ஒரு மணி நேரம் அவருக்கு ஒதுக்கினார்கள். போர்டில் என்ன எழுதினார்கள்? 'குடும்ப ஆரோக்கியம்'. மனசு என்று எழுத அவ்வளவு கூச்சம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஃபிலோமினா மட்டும் சிரித்தார். "எழுதிக்கட்டும் சார். ஆளுங்க உள்ள வந்தா போதும்."

வந்தார்கள். முதலில் முகத்தை மறைத்துக்கொண்டு, பிறகு மறைக்காமல்.

ஃபிலோமினாவுக்கு ஐந்தே மாதத்தில் குணமானது. எங்கள் பிளாக்குக்குத்தான் வருஷக்கணக்கில் ஆனது.