கனகலட்சுமி வாசிக்காமல் விட்ட வரி

சோழவந்தான் பக்கம் எந்த ஊரில் கபடிப் போட்டி நடந்தாலும், ஆடுகளத்தின் சுண்ணாம்புக் கோட்டை ஒட்டி, ஆண்கள் கூட்டத்துக்கு நடுவில், முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஒரு பெண் நிற்பதைப் பார்க்கலாம். அவர்தான் கனகலட்சுமி. வயது ஐம்பதை நெருங்குகிறது. காலையில் கொடிக்காலில் வெற்றிலை கிள்ளி, கவுளி கவுளியாக அடுக்கிக் கட்டி, சந்தைக்கு அனுப்பிவிட்டால் அதற்குப் பிறகு அவர் நினைப்பெல்லாம் ஆட்டம்தான்.

அந்தப் பைத்தியத்தை ஆரம்பித்து வைத்தது அவருடைய கணவர் முத்திருளன். கல்யாணமான புதிதில் அவர் ஊர் அணியில் ஆடிக்கொண்டிருந்தார். தன் வீரத்தைக் காட்ட வேண்டும் என்று புதுப்பெண்ணைப் போட்டிக்குக் கூட்டிப் போனார். பாடிப் போன முதல் தடவையே எதிரணி ஆட்கள் அவரைக் குப்புறத் தள்ளி மேலே ஏறிப் படுத்துக்கொண்டார்கள். கூட்டத்தோடு சேர்ந்து கனகலட்சுமியும் சிரித்துவிட்டார். அடுத்து எதிரணியிலிருந்து ஒல்லியான ஒருவன் பாடி வந்தான். தொட்டான், குனிந்தான், நீட்டிய கைகளுக்கெல்லாம் அடியில் நழுவித் தன் பக்கம் போய் நின்றான். அவன் போய்ச் சேரும்வரை கனகலட்சுமியும் மூச்சு விடவில்லை. முத்திருளன் சீக்கிரமே முட்டி போய் ஆட்டத்தை விட்டுவிட்டார். கனகலட்சுமி விடவில்லை.

“ஆம்பளைக கூட்டத்துல இவளுக்கு என்ன சோலி” என்று காதுபடவே பேசியவர்கள் உண்டு. முத்திருளன் ஒருநாளும் தடுத்ததில்லை, கூட வந்ததும் இல்லை. “போறதுன்னா போ. கொழம்பை மூடி வச்சிட்டுப் போ, பூனை வருது” என்பார். அவ்வளவுதான்.

சோழவந்தானில் பைக் மெக்கானிக் கடை வைத்திருக்கும் அழகுபாண்டி ஒரு கபடி ரசிகர் மன்றம் நடத்துகிறார். வாட்ஸ்அப்பில் ஒரு குரூப், பெரிய போட்டி என்றால் ஒரு வேன். மன்றத்தில் ஒரே பெண் கனகலட்சுமி. வேனில் முன் சீட்டு அவருக்கு, எல்லாருக்கும் புளிச்சோறு கட்டி வருவதும் அவரே. விளாங்குடியில் இருந்து வரும் சாய்ராம் மன்றத்தின் எழுத்து வேலையைப் பார்ப்பார். இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை. நன்றாகத் தமிழ் எழுதுவார் என்பதால் நோட்டீஸ், போஸ்டர் எல்லாம் அவர் பொறுப்பு.

சென்ற ஆண்டு ஒரு காலை அந்தக் குரூப் கொதித்துப் போனது. தேசிய கபடி சம்மேளனத்துக்குப் புதிய தலைமைச் செயல் அதிகாரியை நியமித்திருந்தார்கள். பெயர் சுஷ்மா. அதற்கு முன் ஒரு பிஸ்கட் கம்பெனியில் பெரிய பதவியில் இருந்தவர். யாராவது பழைய ஆட்டக்காரர் வருவார் என்று எதிர்பார்த்துக்கொண்டிருந்த மன்றத்துக்கு இது பெரிய ஏமாற்றம். மத்தியானத்துக்குள் பிஸ்கட் படங்களாக வந்து குவிந்தன. “இனிமே போனஸ் பாயிண்டுக்குப் பதிலா க்ரீம் பிஸ்கட்” என்று ஒருவர் போட்டார். “வீட்டுல அடுப்பைப் பாக்கச் சொல்லுங்கப்பா அந்தம்மாவ” என்று இன்னொருவர் போட்டார்.

கனகலட்சுமிக்கும் வருத்தம்தான். “வெளாண்ட ஆளுக எம்புட்டுப் பேரு இருக்காக, அதுல ஒருத்தருக்குக் குடுத்திருக்கலாம்” என்று அவரும் ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார். க்ரீம் பிஸ்கட்டுக்குச் சிரித்தார். அடுப்பு என்று வந்ததைப் படித்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு வெற்றிலையை அடுக்கப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை அழகுபாண்டியின் கடையில் கூடினார்கள். கண்டன வீடியோ ஒன்று வெளியிடுவது என்று முடிவாயிற்று. சாய்ராம் ஒரு பக்கத்துக்கு எழுதிக்கொண்டு வந்திருந்தார். யார் வாசிப்பது என்று பேச்சு வந்தபோது அழகுபாண்டி கனகலட்சுமியைப் பார்த்தார்.

“யக்கா, நீங்க வாசிங்க.”

“நானா? எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும் தம்பி.”

“அது போதும்க்கா. நாங்க பேசுனா, பொம்பளைங்கிறதுனால எதுக்குறாய்ங்கன்னு சொல்லிருவாய்ங்க. நீங்க பேசுனா ஒருத்தரும் வாயத் திறக்க முடியாது.”

கனகலட்சுமி சாதாரணமாகத்தான் கேட்டார். “அதுனாலயா எதுக்குறோம்?”

“சேச்சே, யாருக்கா அப்படிச் சொன்னது” என்றார் அழகுபாண்டி. சாய்ராம் தன் கைக்கடிகாரத்தைத் திருகிக்கொண்டிருந்தார்.

மன்றம் கேட்டு அவர் மறுத்ததில்லை. இத்தனை பேர் நம்பிக் கேட்கிறார்களே என்று உள்ளூரச் சந்தோஷமும் இருந்தது. தாளை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். சாயங்காலம் முத்திருளன் கட்டிலில் உட்கார்ந்திருக்க, இவர் கீழே உட்கார்ந்து உரக்க வாசித்துப் பழகினார். விளையாட்டை வியாபாரமாக்காதே என்று ஒரு பத்தி. முன்னாள் வீரர்களைப் புறக்கணிக்காதே என்று ஒரு பத்தி. அதற்கடுத்து இப்படி ஒரு வரி: ‘களத்தில் ஒருமுறைகூடக் கால் வைக்காதவருக்குக் கபடியைப் பற்றிப் பேசும் தகுதியே இல்லை.’

“ஏன், நீ மட்டும் கால் வச்சிருக்கியா?” என்றார் முத்திருளன். கேலியாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டு டிவியைப் போட்டுக்கொண்டார்.

கனகலட்சுமி கால் வைத்ததில்லை என்பது உண்மை. அவர் பிறந்த ஊரில் பையன்கள் கண்மாய்க்கரையில் ஆடும்போது பெண்பிள்ளைகள் தண்ணீர்க் குடத்தோடு வேறு வழியாகச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். ஆட வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதுகூட இல்லை, தோன்றுவதற்கு இடமே இல்லாமல் இருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு பார்ப்பதே பெரிய விஷயமாகப் போயிற்று. மறுநாள் கொடிக்காலில் வெற்றிலை கிள்ளும்போதெல்லாம் அந்த வரி திரும்பத் திரும்ப வந்தது. இருபத்தைந்து வருஷமாகக் கத்தியதற்கும் கைதட்டியதற்கும் தனக்குத் தகுதி இல்லையா என்று தன்னையே கேட்டுக்கொண்டார்.

அன்று சாயங்காலம் பள்ளிக்கூட மைதானத்தில் வீடியோ எடுத்தார்கள். அழகுபாண்டி போனைப் பிடித்தார். பின்னால் மன்றத்து ஆட்கள் கைகட்டி நின்றார்கள். கனகலட்சுமி முதல் இரண்டு பத்திகளையும் தடுமாறாமல் வாசித்தார். அந்த வரி வந்ததும் நின்றார்.

“வாசிங்கக்கா.”

“இதை மட்டும் விட்டுர்றேன் தம்பி.”

“அதுதான்க்கா முக்கியமான வரி” என்றார் சாய்ராம்.

கனகலட்சுமி தாளை மடித்தார். போன் ஓடிக்கொண்டிருப்பது அவருக்குத் தெரியும். “எனக்குக் கோர்வையாப் பேசத் தெரியாது. வெளாண்டவுகளுக்குக் குடுத்திருக்கணும், அதை நான் சொல்லுவேன். ஆனா கால் வைக்காதவுக பேசக்கூடாதுன்னா நானும் பேசக்கூடாதுல்ல. அந்தம்மா நல்லவுகளா கெட்டவுகளான்னு தெரியாது. சீட்டுல உக்காந்து ஒரு வாரங்கூட ஆகல. தப்பாச் செய்யட்டும், கேப்போம். அடுப்பப் பாருன்னு சொன்னவுகளுக்காக நான் வீடியோல மொகத்தக் காட்ட மாட்டேன்.”

அழகுபாண்டி போனை இறக்கினார். முகம் கறுத்திருந்தது. “நேத்தே சொல்லியிருக்கலாம்லக்கா. இம்புட்டுப் பேரையும் வரச் சொல்லிட்டு அசிங்கப்படுத்திட்டீக.”

“எனக்கே நேத்துத் தெரியல தம்பி” என்றார் கனகலட்சுமி. நம்பும்படியாக இல்லைதான், ஆனால் அதுதான் நிஜம்.

கடைசியில் சாய்ராமே வாசித்து வீடியோ வெளிவந்தது. மன்றத்து ஆட்களும் அவர்கள் வீட்டு ஆட்களும் மட்டுமே பார்த்தார்கள்.

குரூப்பிலிருந்து கனகலட்சுமியை யாரும் நீக்கவில்லை. ஆனால் அவர் ஏதாவது சொன்னால் பதில் வராது. அடுத்த போட்டி பழங்காநத்தத்தில். ராத்திரி ஆட்டம், விளக்கெல்லாம் போட்டுப் பெரிய ஏற்பாடு. வேன் எத்தனை மணிக்கு என்று கேட்டார். வெகுநேரம் கழித்து அழகுபாண்டி, “இந்தத் தடவை எடமில்லக்கா” என்று மட்டும் எழுதினார். மன்றம் ஆரம்பித்த நாளிலிருந்து அவர் கேட்டிராத சொல் அது. புளி கரைக்க எடுத்த பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தார்.

முத்திருளன் அவர் முகத்தைப் பார்த்தார். வாசலில் போய் வண்டியைத் துடைத்தார். திரும்பி வந்து, “கெளம்பு” என்றார்.

“எங்க?”

“பழங்காநத்தத்துக்கு. பஸ்ஸுல போனா ஆட்டம் முடிஞ்சு வர வண்டி இருக்காது.”

“நீங்க வாரீகளா?”

“வாரேன். முட்டிய மடக்கி ஆடத்தான் முடியாது, பாக்குறதுக்கு என்ன.”

முட்டி போனதிலிருந்து எந்த ஆட்டத்தையும் எட்டிப் பார்க்காத மனிதர். மைதானத்துக்குள் நுழைந்ததும் அவருடைய நடையே மாறிவிட்டது என்று கனகலட்சுமி பிற்பாடு சொன்னார். முதல் பாதி முழுக்கப் பேசாமல் நின்ற முத்திருளன், இரண்டாம் பாதியில் ஒருவன் தவறாகக் கால் பிடித்ததற்கு, “அடே கரண்டைக்காலப் பிடிறா” என்று கத்தினார். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எதிர்ப்பக்கம் மன்றத்து ஆட்கள் நின்றிருந்தார்கள். அழகுபாண்டி இவர்களைப் பார்த்தார். கனகலட்சுமியும் பார்த்தார். இரண்டு பேரும் பார்வையை ஆட்டத்துக்குத் திருப்பிக்கொண்டார்கள்.

சில மாதங்கள் இப்படியே போயின. சுஷ்மா பற்றி நல்லதும் வந்தது, கெட்டதும் வந்தது. வெளியூருக்கு ஆடப் போகும் பிள்ளைகளுக்கு ரயிலில் படுக்க இடம் உறுதியாகக் கிடைக்க ஏற்பாடு செய்தார். முன்பெல்லாம் கக்கூஸ் பக்கத்தில் பையைத் தலைக்கு வைத்துத் தூங்கிக்கொண்டு போவார்கள். அதைக் கேட்டு மன்றத்தில்கூடச் சிலர் வாயை மூடிக்கொண்டார்கள். பிறகு தேசியப் பெண்கள் போட்டியின் அட்டவணை வந்தது. வாடிப்பட்டிப் பக்கத்துப் பெண் தமிழ்வாணி ஆடும் அணி அரையிறுதிக்கு வந்திருந்தது. அந்த ஆட்டத்தைச் செவ்வாய்க்கிழமை காலை வைத்திருந்தார்கள். டிவிக்காரர்களுக்கு அந்த நேரம்தான் தோதாம். காலி நாற்காலிகளுக்கு முன்னால் தமிழ்வாணி ஆடினாள், தோற்றாள். கொடிக்கால் வேலையைப் பாதியில் விட்டு வந்து டிவியில் அதைப் பார்த்த கனகலட்சுமிக்கு, அந்தப் பெண் தோற்றதைவிட ஒரு கைதட்டல்கூட இல்லாமல் தலைகுனிந்து நடந்து போனதுதான் பொறுக்கவில்லை.

நேராக அழகுபாண்டியின் கடைக்குப் போனார். அழகுபாண்டி ஒரு பைக்கின் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

“தம்பி, போனை எடு. நான் பேசணும்.”

அழகுபாண்டி எழுந்து கையைத் துடைத்தார். “என்ன பேசப் போறீகக்கா?”

“அந்தம்மாவத்தான். பொம்பளப் பிள்ளைக ஆடுறத ஊரு வேலைக்குப் போன நேரத்துல வச்சா யாரு பாக்குறது? ஒரு பொம்பளையே இதைச் செய்யலாமா?”

“எழுதித் தரச் சொல்லவா சாய்ராம்கிட்ட?”

“வேணாம்.”

கடை வாசலில், கழற்றிய டயர்களுக்கு முன்னால் நின்று பேசினார். பாதியில் அழுகை வந்தது. அழகுபாண்டி அதை வெட்டவில்லை. இந்த வீடியோ அவர்கள் எதிர்பாராத இடங்களுக்கெல்லாம் போனது. வடக்கே யாரோ இந்தியில் எழுத்துப் போட்டு அனுப்பினார்கள். சம்மேளனத்திலிருந்து பதில் எதுவும் வரவில்லை. அடுத்த போட்டியில் பெண்கள் ஆட்டம் சனிக்கிழமை சாயங்காலத்துக்கு மாறியது. இதனால்தான் மாறியது என்று அழகுபாண்டி ஊரெல்லாம் சொன்னார். கனகலட்சுமி நம்பவில்லை. “என்னைய மாதிரி எத்தன பேரு கத்தியிருப்பாகளோ” என்றார்.

வேனில் இடம் இல்லாமல் போனதைப் பற்றி அழகுபாண்டி மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. அந்தச் சனிக்கிழமை ஆட்டம் திருச்சியில். வேன் முதலில் கனகலட்சுமியின் வீட்டு வாசலில் வந்து நின்றது. உள்ளே அழகுபாண்டியின் மனைவி சரண்யாதேவி இருந்தார். கூடவே பக்கத்துத் தெருப் பெண்கள் மூன்று பேர். “நீங்க வாரீகன்னதும் இவுக எல்லாரும் நானும் நானும்னு கெளம்பிட்டாகக்கா” என்றார் அழகுபாண்டி. முன் சீட்டில் முத்திருளன் ஏறிக் காலை நீட்டிக்கொண்டார். மேலூர் தாண்டும்வரை சாய்ராமும் இன்னொருவரும் சுஷ்மா நல்லவரா கெட்டவரா என்று வாக்குவாதம் செய்துகொண்டே வந்தார்கள். ஒருவரும் விட்டுக்கொடுக்கவில்லை.

மைதானத்தில் சரண்யாதேவி கனகலட்சுமியை ஒட்டி உட்கார்ந்தார். அவர் ஆட்டம் பார்ப்பது அதுதான் முதல் தடவை. “யக்கா, அந்தப் பிள்ள ஏன் அந்தக் கோட்டத் தாண்டிக் கால வைக்கிறா?” என்று கேட்டார்.

தமிழ்வாணி பாடிக்கொண்டு எதிர்ப்பக்கம் போயிருந்தாள்.

“பேசாம பாரு” என்றார் கனகலட்சுமி, அவர் கையை இறுக்கிப் பிடித்தபடி.